பிரஷர் நோட்டில் ஓடிய ரயில்

ஜூன் 3, திங்கள்
பிரஷர்: 164/102

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. டாக்டர் திலகவதி சொல்லி வாங்கியது. தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுத வேண்டுமாம். அதற்குக் கீழே அன்று என்ன செய்தேன், யாரோடு பேசினேன், எதற்குக் கோபப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டுமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாற்பத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

"ஆறு வாரம் டைம் தர்றேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலைன்னா, வேலைய விடச் சொல்லி நானே உங்க ஓனருக்கு லெட்டர் எழுதிருவேன்" என்று மிரட்டியிருக்கிறார்.

என் பெயர் பூங்கோதை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். வெளிநாட்டு பையர் கேட்ட துணி, கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்குக் கப்பல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பையர் ஓனரைக் கேட்பார், ஓனர் என்னைக் கேட்பார், நான் கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

இப்போது வேலை இரட்டிப்பு. என்னிடம் இருந்த ஒரு பெண் போன மாதம் நின்றுவிட்டாள். வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும்.

மாத்திரை போட்டேன். உப்பில்லாத ரசம் குடித்தேன். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஜூன் 5, புதன்
பிரஷர்: 162/100

மனசுக்குப் பிடித்த வேலை ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். யோகா வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடி மூச்சை மெல்ல விடச் சொன்னார்கள். கண்ணை மூடியதும் வரிசை வரிசையாகக் கார்ட்டன் பெட்டிகள் தெரிந்தன. பாதியில் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டிலிருந்து போன். வராந்தாவில் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டு உள்ளே வந்தால், மல்லாந்து படுத்திருந்த பத்துப் பேரும் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார்கள். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.

ஜூன் 7, வெள்ளி
பிரஷர்: 165/100

கத்தினேன். யாரிடமெல்லாம் என்று எழுதினால் பக்கம் போதாது.

ஜூன் 8, சனி
பிரஷர்: 163/100

சாம்பிள் ரூமை ஒழுங்குபடுத்தினோம். மேல் அலமாரியில் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே ரயில் என்ஜின்!

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பையர் குழந்தைகள் பைஜாமாவில் ரயில் படம் கேட்டார். எங்கள் டிசைனர் வரைந்து அனுப்பியது ஈச்சர் லாரி மாதிரி இருந்தது. மனுஷன் நொந்துபோய், ரயில் என்றால் இப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி என்ஜினையே பார்சலில் அனுப்பிவிட்டார். ஆர்டர் முடிந்ததும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதோடு அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஒரு சாண் நீளம். பச்சை நிறம். நகத்தளவுக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு கைப்பிடி, ஏறிப் போக ஏணி. பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "பத்திரம். யாரும் தூக்கிப் போடாதீர்கள்." யாரோ எழுதியிருந்தார்கள்.

சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். டீ வந்து ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ஸ்டோர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மயில்சாமி ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எதற்கும் பதறாதவர்.

"இது யாருக்குக் கோதை?"

"எனக்குத்தானுங்க. புடிச்சதச் செய்யச் சொன்னாங்கல்ல டாக்டரு."

"ரயிலு ஓட்டச் சொன்னாங்களா?"

"ஓட்ட வேண்டாம்னு சொல்லலீங்களே."

அவர் உட்கார்ந்து என்ஜினுக்கு எண்ணெய் போட்டார்.

ஜூன் 10, திங்கள்
பிரஷர்: 158/98

என்ஜின் ஓடத் தண்டவாளமும், கரண்ட் கொடுக்க ஒரு கன்ட்ரோலரும் வேண்டுமாம். சென்னையில் விற்கிறார்கள். ஆர்டர் போட்டாயிற்று.

ஆபீஸில் ஒரு பழைய ஃபைலைத் தேடி அரை நாள் போயிற்று. நஸ்ரின் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பாள். நின்றுபோன பெண் அவள்தான்.

ஜூன் 11, செவ்வாய்
பிரஷர்: 166/102

ஏன் ஏறியது என்று தெரியவில்லை. ஊறுகாயாக இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி
பிரஷர்: 148/94

சாமான் நேற்று வந்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மாடி அறையில் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. கொடியை அவிழ்த்துவிட்டு பழைய கட்டிங் டேபிளைப் போட்டோம். காலை ஐந்தரைக்கு வட்டமாகத் தண்டவாளத்தை மாட்டிக் கன்ட்ரோலரைத் திருகினேன். என்ஜின் ஒரு முறை உறுமியது. பிறகு கிளம்பியது!

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டில் லைட் போட்டார்கள்.

நாற்பது நிமிடம் சுற்றியது. ஒரே வட்டம்தான். எங்கும் போகவில்லை, எதையும் ஏற்றவில்லை, யாரும் போன் செய்து எப்போது வரும் என்று கேட்கவில்லை. அப்புறம்தான் பிரஷர் பார்த்தேன். 148 என்று வந்ததும் மெஷின் கெட்டுவிட்டதோ என்று வீட்டுக்காரர் கையில் கட்டிப் பார்த்தேன். அவருக்கு 118. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு
பிரஷர்: 144/92

இன்று முழுக்க ரயில் வேலை. கம்பெனியில் கழிக்கிற பச்சை பனியன் துணியை ஒரு மூட்டை கொண்டு வந்திருந்தேன். அது புல்வெளி. பிரவுன் துணியைச் சுருட்டி அடுக்கினால் மலை. காலியான நூல் கோனைக் கவிழ்த்தால் தண்ணீர்த் தொட்டி. கார்ட்டன் அட்டையை வளைத்தால் குகை. வீட்டுக்காரர் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிப் பச்சைச் சாயம் தோய்த்து மரம் செய்கிறார்.

அவர் போட்ட பாதி வட்டத்தையும் நான் போட்ட பாதி வட்டத்தையும் இன்னொரு முறை நானே செக் செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு பட்டன் பாஸானாலும் அதன்மேல் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். பழக்கதோஷம், நானே மாட்டிய இணைப்புகளில் எல்லாம் சின்னச் சீட்டு ஒட்டி "பூ. ஓகே" என்று போட்டுவிட்டேன்.

ரயில் கிளம்பும்போது வீட்டுக்காரர் பள்ளிக்கூட விசிலை ஊதுகிறார். ரயில்வே கார்டாம்.

ஜூன் 17, திங்கள்
பிரஷர்: 142/90

டாக்டர் நோட்டை முழுசாகப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். சிவப்பு மையில் "ரயில் நல்லது, ஊறுகாய் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 18, செவ்வாய்
பிரஷர்: 142/90

பேக்கிங்கில் இருக்கும் ருக்குமணி அக்கா, "நஸ்ரின் புள்ள எங்கீங்க மேடம் இருக்குது, வேற வேல கெடைச்சுதுங்களா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 19, புதன்
பிரஷர்: 158/98

சாம்பாரில் உப்பு.

ஜூன் 20, வியாழன்
பிரஷர்: 150/94

ரயில் வேலை இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. இப்படி விட்டால் முடியாது. கம்பெனியில் செய்வது போல ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மலை: ஜூன் 22. குகை: 24. மரங்கள் நூறு: 27. ஸ்டேஷன்: 30. பொறுப்பு என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் எதிரில் வீட்டுக்காரர் பெயர். அவர் சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூன் 23, ஞாயிறு
பிரஷர்: 154/96

மலை ஒரு நாள் தாமதம். மரங்களில் பத்தைப் பொறுக்கிப் பரிசோதித்தேன். ஆறு ரிஜெக்ட். இரண்டில் சாயம் திட்டுத்திட்டாக இருந்தது, மூன்று ஒரே உயரம் இல்லை, ஒன்று சாய்ந்து நின்றது.

"மரம்னா சாயத்தாஞ் செய்யும் கோதை. நம்ம வேப்பமரமே சாஞ்சுதான் நிக்குது."

"வேப்பமரத்த நான் பாஸ் பண்ணலீங்களே."

அவர் பஞ்சையும் ஈர்க்குச்சியையும் என் முன்னால் வைத்துவிட்டுக் கிரவுண்டுக்குப் போய்விட்டார். வேலைநிறுத்தம்.

ஜூன் 26, புதன்
பிரஷர்: 152/96

மரம் 31. நானே செய்தது. எல்லாம் ஒரே உயரம்.

மதியம் வேறொரு கம்பெனியின் ஹெச்.ஆரிலிருந்து போன். நஸ்ரின் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். வேலையில் எப்படி, ஏன் நின்றாள் என்று கேட்கிறார்களாம். நான் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்
பிரஷர்: 162/100

மறுபடி போன் வந்தது. மறுபடியும் மீட்டிங்.

ஜூலை 1, திங்கள்
பிரஷர்: 160/98

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். சிவப்பு மையில் அவர் எழுதியது அப்படியே கீழே இருக்கிறது.

*1. மரங்களைப் பாஸ் பண்ணவும்.*
*2. நஸ்ரின் என்ற பெயர் மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் மறுநாள் பிரஷர் ஏறியிருக்கிறது. ஊறுகாயும் உப்பும் காரணம் இல்லை. யார் இவர்?*

"தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

"என்கிட்ட சொல்ல வேண்டாம். நோட்டுல எழுதுங்க. இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்
பிரஷர்: 161/100

மூன்று நாளாக ரயில் குகைக்குள் போய்த் தடம் புரள்கிறது. இன்று காலையும் அப்படியே. உள்ளே போகும் சத்தம் கேட்கும், பிறகு ஒரு டொக்.

"அந்த வளைவு நீங்க போட்டதுதானுங்க! ஒரு ஜாயிண்ட ஒழுங்கா மாட்டத் தெரியாதுங்களா? கண்ணு தெரியலையா?" என்று வீட்டுக்காரரிடம் கத்திவிட்டேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

குகையைத் தூக்கினேன். இணைப்பு ஒரு நூல் விலகியிருந்தது. பக்கத்திலேயே சின்னச் சீட்டு. பூ. ஓகே. 16/6.

அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் நான் போட்ட முதல் லீவு.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்.

"அது நான் மாட்டுனதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"நீ கத்திட்டு இருந்த கோதை. கத்தறப்ப சொன்னா உனக்குக் கேக்கவா போகுது? ரயிலு மறுபடியும் உழுகும், அப்ப நீயே தூக்கிப் பாப்பேன்னு உட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இணைப்பைச் சரி செய்தார். நான் அழுது முடிக்கும்வரை ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, புதன்
பிரஷர்: 158/98

டாக்டர் கேட்டதை எழுதுகிறேன்.

நஸ்ரின் என்னிடம் நாலு வருடம் இருந்தாள். அவளாக நிற்கவில்லை. ஏப்ரலில் ஒரு நீல நிறத் துணிக்கு டையிங்கிலிருந்து நிற மாதிரி ஒட்டிய ஷேடு கார்டு வந்தது. நிறம் சரியா என்று பார்க்க எங்களிடம் தனியாக ஒரு விளக்குப் பெட்டி உண்டு, அதற்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அவசரம். படிக்கட்டில் நின்றபடியே பார்த்து, கார்டில் ஓகே என்று கையெழுத்துப் போட்டது நான். நீலத்தில் பச்சை ஓடியிருந்தது. பதினாலாயிரம் பீஸ் தைத்து முடிந்த பிறகு பையர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யார் பாஸ் பண்ணியது என்று ஓனர் பேக்கிங் ஹாலில் நின்று கேட்டார். நான் நஸ்ரின் பக்கம் திரும்பி, "கண்ணு தெரியலையா உனக்கு? ஃபைல் உன்கிட்டதான இருந்துச்சு?" என்று கத்தினேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஓனர் சொன்னார். நான் சும்மா நின்றேன்.

என் கையெழுத்துப் போட்ட கார்டு அவளிடம்தான் இருந்தது. ஓனரிடம் காட்டியிருக்கலாம். போகும்போது என் மேஜையில் குப்புற வைத்துவிட்டுப் போனாள். அது இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

ரயில் பெட்டியின் மேல் இருந்த சீட்டு யார் எழுதியது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தூக்கிப் போடாதீர்கள் என்று எழுதியவளைத்தான் நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்
பிரஷர்: 160/98

ஓனரிடம் சொல்லிவிடலாம் என்று கார்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கோயம்புத்தூர் போயிருந்தார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி
பிரஷர்: 168/104

ஓனர் வந்தார். உள்ளே போய்க் கார்டை மேஜைமேல் வைத்தேன். நிமிர்த்தி வைத்தேன்.

"இது என் கையெழுத்து சார். நஸ்ரின் மேல தப்பில்ல."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லிருந்தா உங்களத்தான் போகச் சொல்லியிருப்பேன்."

"இப்பவும் சொல்லலாம் சார்."

"சொல்லலாம். ஆகஸ்ட் ஷிப்மென்ட்ட அப்பறம் யாரு பாக்கறது?" கார்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஏம்மா, என்ற கம்பெனில இத்தன வருசமா இருக்கறீங்க. பயந்துட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க. நானும் பேசோணும்."

பதினோரு மணி டீக்கு எல்லோரும் பேக்கிங் ஹாலில் கூடியிருந்தார்கள். அன்று நின்ற அதே இடத்தில் நின்று, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் ருக்குமணி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க மேடம். அந்தப் புள்ள லைட்டுப் பெட்டில வெக்காம ஒரு துண்டுத் துணியக்கூடப் பாக்காது."

நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் ரகசியம் என்று நினைத்து டிராயரைப் பூட்டி வைத்திருந்தேன்.

அந்த ஹெச்.ஆருக்கு நானே போன் போட்டேன். நஸ்ரினைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். "போதுங்க மேடம், எழுதிக்கிட்டேன்" என்று அவர்களே சொன்னார்கள்.

ஜூலை 6, சனி
பிரஷர்: 146/92

நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் நின்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"நீ ஏம்மா அந்தக் கார்டை ஓனர்கிட்ட காட்டல?"

"நீங்களே காட்டுவீங்கன்னு நெனச்சேன் மேடம். உங்க டேபிள்ல வச்சிட்டு வந்து, அன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் போனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓனர் திரும்ப வரச் சொல்கிறார் என்றேன். காலையில்தான் அந்த இன்னொரு கம்பெனியில் கூப்பிட்டார்களாம். திங்கட்கிழமை சேரப் போகிறாளாம். "அங்க எனக்கு மேல யாரும் இல்ல மேடம். நான்தான் சீனியர்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

எழுந்து வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கேட்டாள்.

"சாம்பிள் ரூம்ல ஒரு பச்சை இன்ஜின் இருந்துச்சே மேடம், அது இருக்கா? யாராச்சும் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

ஜூலை 9, செவ்வாய்
பிரஷர்: 140/88

சுவரில் இருந்த சார்ட்டைக் கிழித்தேன். வீட்டுக்காரர் விசிலை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார். ரிஜெக்ட் ஆன ஆறு மரங்களையும் நட்டாயிற்று. சாய்ந்த மரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்க்க அதுதான் மரம் மாதிரி இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி
பிரஷர்: 138/86

டையிங்கில் ஒரு லாட் துணி தாமதம். கத்தவில்லை. பழக்கமில்லாததால் எதிர்முனையில் பயந்துவிட்டார்கள். "மேடம், உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

ஜூலை 14, ஞாயிறு
பிரஷர்:

என்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தேன், நஸ்ரின் பத்து மணிக்கு வந்தாள். மாடி அறைக்குள் வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் விசில் ஊதினார், நான் திருகினேன், பச்சை என்ஜின் நூல் கோன் தொட்டியைத் தாண்டிக் குகைக்குள் போய் வெளியே வந்தது. அவள் கைதட்டினாள்.

பிறகு கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்தேன். இரண்டு வட்டம் மெதுவாக விட்டாள். மூன்றாவது வட்டத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்தாள். குகையை மெல்லத் தூக்கினாள்.

"இங்க மட்டும் ஒரு சின்ன சத்தம் வருது மேடம்."

அதே இணைப்பு. அவர் சரி செய்தது போக ஒரு மயிரிழை பாக்கி இருந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அவள் நகத்தால் நெம்பி, அழுத்தி, விரலை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சீட்டை வாசித்தாள். பூ. ஓகே.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சீட்டு இருக்கா மேடம்?" என்று கை நீட்டினாள். கொடுத்தேன். பேனாவும் கொடுத்தேன். எழுதி, என் சீட்டுக்கு மேலேயே ஒட்டிவிட்டு, குகையை மூடினாள்.

அதன் பிறகு சத்தமே இல்லாமல் ஓடியது. மூன்று பேரும் மாறி மாறி ஓட்டினோம். வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்துக்கும் விசிலையே ஊதினார். உப்பு போட்ட ரசம். புது கம்பெனியில் பையர் எப்படி, டையிங் எங்கே என்று நான் கேட்க, "அதெல்லாம் சொல்ல மாட்டேன் மேடம், நீங்க இப்ப போட்டிக் கம்பெனி" என்று சிரித்தாள். நாலு மணிக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு குகையைத் தூக்கிப் பார்த்தேன். "ந. ஓகே. 14/7."

ஜூலை 15, திங்கள்

டாக்டர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நேத்து பிரஷர் எங்க? காலியா இருக்கு."

"பாக்க மறந்துட்டேனுங்க டாக்டர். ரயிலு ஓடிட்டு இருந்துச்சு."

என் கையில் பட்டியைக் கட்டினார். 132/84. பிறகு ஜூலை மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி முழுசாகப் படித்தார். ஆறாம் தேதியைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஏதோ எழுதி, மூடிக் கொடுத்தார். ஓனருக்கு எழுதுவதாகச் சொன்ன லெட்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன்.

*மாத்திரை பாதியாகக் குறைக்கவும். நோட்டு இனி வேண்டாம். நஸ்ரின் அடுத்த முறை வரும் ஞாயிறு எனக்கும் சொல்லவும். எனக்கும் ஒரு வட்டம் ஓட்ட வேண்டும்.*